ரகமத் பாயின் சுழிக் குதிரை

எங்கள் பழைய ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் சாயங்காலங்களில் என் வீட்டுக்கு வருவதுண்டு. காப்பிக்காக வருகிறார்கள் என்று என் மனைவி சொல்கிறாள். என் பேச்சைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அவர்களில் ஒருவன் ஒரு கேள்வி கேட்டான். "பாங்குல ஆட்டோ ரிக்‌ஷாவுக்குக் கடன் குடுக்கிறாங்க சார். தவணை தவறினா வண்டியத் தூக்கிட்டுப் போயிடறாங்க. உங்க காலத்துல ஜட்காக்காரங்க என்ன செஞ்சாங்க?"

"ஆட்டோவுக்குப் புல்லு வாங்கிப் போட வேண்டாம்ப்பா, அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகு மனசு கேட்கவில்லை. அவ்வளவு சுருக்கமாக முடிக்கிற விஷயமா அது? ஜட்காக்காரர் ரகமத் பாய் கேட்டிருந்தால் என்னைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்திருப்பார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிக்கூடப் படிப்பு முடிந்ததும் திருச்சி நகரசபை ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்தது. நாற்காலி, மேஜை, தலைக்கு மேல் விசிறி என்று கனவு கண்டுகொண்டு போனவனை வண்டிப் பிரிவில் போட்டார்கள். மேஜை என்னவோ இருந்தது. வேலையெல்லாம் வெயிலில், குதிரை லத்திக்கு நடுவில். வந்த புதிதில் ஒரு குதிரை என் தொடையில் உதைத்தது. அடுத்த வாரம் இன்னொன்று என் மேல்துண்டைத் தின்றது. பயிற்சிக் காலம் என்று தனியாகச் சொல்வதற்கு எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

ஊரில் ஓடும் ஒவ்வொரு ஜட்காக் குதிரை வண்டிக்கும் நம்பர் போட்ட தகரத் தகடு ஒன்று உண்டு. அது இல்லாமல் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. மார்கழிக்கு முன்பு ஒரு தடவை, ஆடிக்கு முன்பு ஒரு தடவை, எல்லா வண்டிகளும் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஒரு பொட்டலுக்கு வந்து பரிசோதனைக்கு நிற்க வேண்டும். வண்டியைப் பார்ப்பது என் வேலை. சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். கடையாணி, ஏர்க்கால், விளக்கு, உட்காருகிற இடத்து வைக்கோல் மெத்தை எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பேன். குதிரையைப் பார்ப்பவர் எங்கள் கால்நடை டாக்டர் ராகவாச்சாரி.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர். நெற்றியில் பளிச்சென்று திருமண், பஞ்சகச்சம், அதற்கு மேல் கறுப்புக் கோட்டு, தலையில் முண்டாசு, காலில் முரட்டு பூட்ஸ். குதிரையைத் தொட்டுவிட்டு வருகிறவரை வீட்டில் கொல்லைப்புறமாகத்தான் உள்ளே விடுகிறார்கள் என்று ஜட்காக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அது உண்மையும்கூட. மனுஷர்கள் எல்லாரும் அவருக்கு "ஓய்" தான், என்னையும் சேர்த்து. மரியாதை முழுவதையும் அவர் குதிரைகளுக்கென்று எடுத்து வைத்திருந்தார். பல்லைப் பார்க்க வேண்டுமென்றால் குதிரையின் முன்னால் போய் நின்று, "தேவரீர் கொஞ்சம் திருவாய் மலர்ந்தருளணும்" என்பார். குளம்பைத் தூக்க வேண்டுமென்றால், "அந்தத் திருவடியை இப்படி ஸாதிக்கணும்" என்பார். கோயிலில் பெருமாளிடம் பேசுகிற பாஷை. குதிரைக்கு என்ன புரிந்ததோ, அவர் கேட்டால் காலைக் கொடுத்துவிடும். நான் கேட்டால் அதே காலால் பதில் சொல்லும்.

பரிசோதனைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வண்டிக்காரரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, குதிரை தனியாக நிற்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பார். வலி உள்ள குதிரை எஜமானன் பக்கத்தில் இருந்தால் காட்டிக்கொள்ளாது என்பது அவர் கட்சி. பிறகு மெதுவாக நடத்தச் சொல்லி, பின்னாலேயே நடந்து வருவார். கடைசியில் சேணம், வார், கண்பட்டை எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார். கழற்றிய சேணத்தின் உள்பக்கத்தை மூக்குக்கு நேரே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது.

வாரோ சேணமோ உராய்கிற இடத்தில் பச்சைப் புண் இருந்தால், அது ஆறித் தோல் மூடும் வரையில் தகட்டைப் பிடுங்கிவிட வேண்டும். இது விதி. இந்த ஒரு விஷயத்தில் டாக்டர் யாருக்கும் வளைந்ததில்லை. வாழைத்தாரோடு வந்தவர்கள் உண்டு. சிபாரிசுச் சீட்டோடு வந்தவர்கள் உண்டு. பெண்டாட்டியை அழைத்து வந்து அழச் சொன்னவர்களும் உண்டு. "நீங்க எல்லாரும் நன்னா அழறேள். அதுக்கு அழத் தெரியாது. அதனால அது பக்கம் நான் பேசறேன்" என்று சொல்லிவிட்டு, "பிடுங்கும் ஓய்" என்று என்னைப் பார்ப்பார். இடுக்கியால் ஆணியைப் பிடுங்குவது என் வேலை. வண்டிக்காரர்களுக்கு டாக்டரைவிட என்மேல் கோபம் அதிகம் இருந்ததற்கு அந்த இடுக்கிதான் காரணம்.

தகடு போனால் என்ன ஆகும் என்று சொன்னால்தான் அந்தக் கோபம் புரியும். வண்டியும் குதிரையும் பெயருக்குத்தான் அவர்களுடையவை. அநேகமாக எல்லாரும் தண்டல் கடனில் வாங்கியவர்கள். தினம் சாயங்காலம் தண்டல்காரர் ஸ்டாண்டுக்கு வந்து அன்றைய பங்கை வாங்கிக்கொண்டு போவார். மழை பெய்தாலும் தண்டல் உண்டு, சவாரி இல்லாவிட்டாலும் உண்டு, வீட்டில் இழவு விழுந்தாலும் உண்டு. சேர்ந்தாற்போலச் சில நாள் தவறினால், நடுத்தெருவென்றும் பார்க்காமல் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி ஏர்க்கால் தரையில் குத்தி நிற்கும் வண்டியையும், பக்கத்தில் சவுக்கைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிற்கும் மனுஷனையும் நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு ஜங்ஷனிலிருந்து பஸ் வேறு ஓட ஆரம்பித்திருந்தது. பஸ் நின்றால் அதற்குச் செலவில்லை. குதிரை நின்றாலும் கொள்ளு தின்னும். ஸ்ரீரங்கத்துக்கு ஜனம் வந்து குவியும் மார்கழியை நம்பித்தான் அவர்கள் வருஷம் முழுவதும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தென்னூர் பக்கத்துக்குத் தண்டல்காரர் முத்துசாமி. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டவுடன் கொடுப்பார், கொடுத்ததைக் கேட்பார், அவ்வளவுதான். சகுனம் பார்ப்பதில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வசூலுக்குக் கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, நேரம் கழித்துத்தான் வருவார். ஸ்டாண்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு பூனை வளர்க்கலாமா என்று ஜட்காக்காரர்கள் யோசனை செய்ததுண்டு.

சகுனம் என்றால் ஜட்காக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குதிரை வாங்கும்போது பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். உடம்பில் மயிர் சுழித்துக்கொண்டு வளரும் இடம்தான் சுழி. நெற்றியில் இருந்தால் ஒரு பலன், கழுத்தில் இருந்தால் ஒரு பலன். இந்து, முஸ்லிம் என்று இதில் பேதமே கிடையாது. நெஞ்சில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சுழி இருந்தால் வாங்கியவன் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்பார்கள். அந்தச் சுழிக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். அதை வாயால் சொன்னால் உடனே எச்சிலைத் துப்பிவிட்டுத்தான் மறுபேச்சு. நானும் எழுதாமல் விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் மகாயுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், மார்கழிப் பரிசோதனையின்போது தென்னூர் ரகமத்துல்லா வரிசையில் வந்து நின்றார். ரகமத் பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அதிகம் பேசாத மனுஷர். வண்டி துடைத்து வைத்த பித்தளை மாதிரி இருக்கும். வெளியார் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் ஏறுவதற்காக நாலு பக்கமும் பூப்போட்ட திரை கட்டியிருப்பார். அவர் மனைவி பாத்திமா தைத்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் அவர் வண்டியைத்தான் தேடி வருவார்கள். குதிரை சாம்பல் நிறப் பெட்டை. சிட்டு என்று பெயர்.

வண்டியில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிட்டுவையும் டாக்டர் தூரத்திலிருந்து பார்த்தார், நடத்திப் பார்த்தார். சேணத்தைக் கழற்றி மோந்தார். மார்பு வாரில் மட்டும் வழக்கத்துக்கு மாறாக ஒரு அகலமான தோல், முன்றானை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த வாரையும் எடும் ஓய்."

"புது வாருங்க டாக்டரய்யா. பிரிச்சா மறுபடி பூட்ட நேரமாவும்."

"நேக்கு நேரம் இருக்கு. எடும்."

ரகமத் பாய் முன்னும் பின்னும் பார்த்தார். பக்கத்து வண்டிக்காரர்கள் லாடக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக வாரைக் கழற்றினார். அதற்கு அடியில், தோலின் தையல் உராய்ந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண். டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"இதோட நடந்தா வந்தது இது? பிடுங்கும் ஓய் தகட்டை!"

நான் இடுக்கியை எடுத்தேன். ரகமத் பாய் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "தகட்டை எடுத்துக்குங்க டாக்டரய்யா. சத்தம் மட்டும் போடாதீங்க. யாரும் பாக்கறதுக்குள்ள அந்தத் தோலை மூடிக்கிறேன்."

தகட்டைக்கூட விட்டுக்கொடுக்கிற ஆளை டாக்டர் அதுவரை பார்த்ததில்லை. மறுபடி குனிந்தார். புண்ணை ஒட்டி மேலே, மயிர் வட்டமாகச் சுழித்திருந்தது. சரியாக அந்த இடத்தில். நான் என்னையறியாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"இதுக்காகவா ஓய் இந்தத் தோல்?"

ரகமத் பாய் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். இரண்டு வருஷம் முன்பு சமயபுரம் சந்தையில் ஒரு வெளியூர் வியாபாரியிடம் வாங்கியது. மற்றக் குதிரைகளுக்குச் சொன்ன விலையில் பாதிதான் சொன்னான். நல்ல உயரம், நல்ல நடை என்று சந்தோஷமாகத் தண்டல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் குளிப்பாட்டும்போதுதான் சுழி தெரிந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால் வியாபாரி இல்லை. பாத்திமா அழுதுகொண்டே அந்தத் தோலைத் தைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அது இல்லாமல் குதிரை வாசலைத் தாண்டியதில்லை. முந்தின பரிசோதனைகளில் வாரைக் கழற்றியபோது தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாராம்; டாக்டரும் புண்ணைத் தேடினாரே தவிரச் சுழியைத் தேடியதில்லை. ரெண்டு மாசத்துக்கு முன்பு பழைய தோல் கிழிந்துபோய்ப் புதிதாகத் தைத்தார்கள். அதன் தையல் முரடு.

டாக்டர் நிமிர்ந்தார். பிறகு முண்டாசைக் கழற்றி, தலையைக் குனிந்து காட்டினார். "இதோ பாரும், என் உச்சியிலயும் ஒண்ணு இருக்கு. வெறும் மயிர் ஓய். சுழி உம்மை ஒண்ணும் பண்ணலை. அதை மறைக்கப்போய்த்தான் புண்ணு வந்துது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரகமத் பாய் சிரிக்கவில்லை. நான் ஆணியைப் பிடுங்கினேன்.

மறுநாள் காலையில் டாக்டர் என்னைத் தென்னூருக்கு இழுத்துக்கொண்டு போனார். "தகட்டைப் பிடுங்கினது சர்க்கார் உத்தியோகம். புண்ணை ஆத்தறது என் உத்தியோகம். மருந்துப் பெட்டியைத் தூக்கிண்டு வாரும்." அப்புறம் தினமும் போனோம். மருந்துத் தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, ஈ மொய்க்காமல் ஈரத் துணி போட்டு மூடுவார். "தேவரீர் க்ஷமிக்கணும், கொஞ்சம் எரியும்" என்று ஒவ்வொரு தடவையும் சிட்டுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். பாத்திமா கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். வெந்நீர்ச் செம்பை நீட்டும் கையும் குரலும்தான் எங்களுக்குத் தெரியும். குரலுக்குக் கூச்சம் கிடையாது.

"டாக்டரய்யா, நேத்து நீங்க கட்டுன துணியை அது அவுத்துப் போட்டுடுச்சு. இன்னிக்கு நான் கட்டிக்கிறேன், நீங்க மருந்து மட்டும் போடுங்க."

டாக்டர் கட்டிய கட்டை அவிழ்த்து மறுபடி கட்டிய ஆள் இந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். அவர் மறுபேச்சு பேசாமல் நகர்ந்துகொண்டார்.

சில நாளில் அதே குரல் வேறு மாதிரி வந்தது. "தண்டல்காரர் வந்துட்டுப் போனாருங்க. வெள்ளிக்கிழமை வந்து குதிரையை அவுத்துட்டுப் போறாராம்."

டாக்டர் ரகமத் பாயைத் தனியாக அழைத்துப் போனார். "சுழியை அவருக்குக் காட்டிடும். அப்புறம் அந்த மனுஷன் இந்தக் குதிரையைத் தொடுவாரா?"

"தொட மாட்டாருதான். குதிரை தங்கும், பொழப்பு போயிடும். அந்தச் சுழின்னு தெரிஞ்சா எவன் டாக்டரய்யா என் வண்டியில ஏறுவான்? எத்தனை பொண்ணு மாப்பிள்ளைய இதுல ஏத்திட்டுப் போயிருக்கேன்! அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

டாக்டர் பொடி டப்பாவைத் தட்டினார். "உம்ம குதிரை, உம்ம வாய். நானா சொல்ல மாட்டேன்" என்றார். என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். நான் சொல்லிவிடுவேனோ என்று அவருக்குச் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை நாங்கள் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே முத்துசாமி வந்துவிட்டார். கூட ஒரு ஆள். டாக்டருக்குக் கும்பிடு போட்டார். "தப்பா நெனைக்காதீங்க பாய். எனக்கும் மேல கணக்கு சொல்ல ஆள் இருக்கு. புண்ணு ஆறினதும் வித்து, மிச்சம் இருந்தா நானே கொண்டாந்து தந்துடறேன்" என்றார். அப்படிச் செய்யக்கூடிய மனுஷர்தான். ரகமத் பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்துசாமி முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

சிட்டு இரண்டு அடி வைத்தது. கதவு திறந்தது. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு பாத்திமா வெளியே வந்தாள். அவளை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். சின்ன உருவம். நேரே குதிரையிடம் போய் நெஞ்சில் கிடந்த ஈரத் துணியை உருவினாள்.

"அண்ணே, கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் நாங்க சொல்லலேன்னு வரக் கூடாது."

முத்துசாமி குனிந்தார். பார்த்தார். அவர் கையிலிருந்து கயிறு நழுவியது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. தூத்தூவென்று துப்பிக்கொண்டே வாசல்வரை போய்விட்டார். கூட வந்த ஆள் அதற்குள் தெருவுக்கே ஓடிவிட்டிருந்தான்.

"அப்ப வண்டியையாச்சும்..." என்று ஆரம்பித்தார்.

"அதுவும் இது இழுத்த வண்டிதாண்ணே" என்றாள் பாத்திமா.

அவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "பொங்கலுக்குள்ள மொத்தமும் வந்துடணும் பாய். இல்லைன்னா வீட்டுல இருக்கற பண்டபாத்திரம் ஒண்ணு விடாம எடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரகமத் பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாத்திமா கயிற்றை எடுத்து முளையில் கட்டிவிட்டு, "மறைச்சு வச்சு ரெண்டு வருசம் நெஞ்சு படபடன்னு அடிச்சுது. இனிமே அடிக்காது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தண்டல்காரர் எல்லா ஸ்டாண்டுக்கும் போகிறவர். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோட்டை ஸ்டேஷன் ஸ்டாண்டில் மூத்த வண்டிக்காரர் பக்கிரிசாமிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வரிசையில கொண்டாந்து நிறுத்தினியே ரகமத்து! அதான் எனக்கு ஆவணியில அச்சு முறிஞ்சுது" என்றார். அவர் வண்டியின் அச்சு முறியும் என்று நான் ஆடிப் பரிசோதனையிலேயே சொல்லியிருந்தேன். அதை அவர் மறந்துவிட்டார்.

வைகுண்ட ஏகாதசிக்குச் சில நாள் முன்னதாகவே புண் ஆறித் தோல் மூடியது. டாக்டர் மோந்து பார்த்துத் திருப்தியானார். "தேவரீர் இனிமே ஸஞ்சாரம் பண்ணலாம்" என்றார். நானே தகட்டை அடித்தேன். வாரில் தோல் இல்லை. சுழி வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. ரகமத் பாய் தினம் ஸ்டாண்டுக்குப் போனார், தினம் வெறும் வண்டியோடு திரும்பினார். கோஷாப் பெண்கள் இரண்டொருவர் பாத்திமாவுக்காக ஏறினார்கள். அது சிட்டுவின் கொள்ளுக்கே போதவில்லை. பொங்கலோ நெருங்கிக்கொண்டிருந்தது. பாத்திமா பித்தளைப் பாத்திரங்களைத் தேய்த்து வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

ஏகாதசிக்கு முதல் நாள் தசமி. கரூர், குளித்தலைப் பக்கத்திலிருந்து வரும் ஜனம் கோட்டை ஸ்டேஷனில்தான் இறங்கும். கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள என்னையும் டாக்டரையும் அங்கே போட்டிருந்தார்கள். விடிந்தபோது வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வரிசைக்கு முதலில் ரகமத் பாயின் வண்டி. வேறு சவாரி இல்லாத மனுஷர், எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றுவிட்டார். ஸ்டாண்டில் முறை என்றால் முறை. முதலில் வந்த வண்டிக்கு முதல் சவாரி.

ஸ்பெஷல் ரயில் வந்தது. மூட்டையும் முடிச்சுமாக ஜனம் வெளியே வந்தது. முதல் வண்டியை நோக்கி வந்த குடும்பங்களுக்கெல்லாம் பக்கிரிசாமி கண்ணைக் காட்டினார். "அது வேணாம்மா, நெஞ்சுல சுழி" என்று காதோடு சொன்னார். அவர்கள் அரண்டுபோய் அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள். ரகமத் பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கடிவாளத்தை எடுத்தார். "நான் ஒதுங்கிக்கிறேண்ணே. நீங்க ஏத்திக்குங்க."

அடுத்த வண்டிக்காரன் மூட்டையைத் தூக்கப் போனவன் சட்டென்று நின்றான். "அண்ணே, முதல் வண்டி இன்னும் போணி ஆகலியே!"

வரிசை முழுவதும் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டது. எங்கள் ஊர் ஸ்டாண்டுகளில் அது ஒரு சட்டம் மாதிரி. விசேஷ நாளில் முதல் வண்டி ஆள் ஏற்றாமல் கிளம்பினால், அன்றைக்கு அந்த ஸ்டாண்டுக்கே வியாபாரம் விளங்காது. சுழி கெட்டால் ஒருவன் குடும்பம்தான் போகும். போணி கெட்டால் அத்தனை பேருக்கும் மார்கழி போகும்.

டாக்டர் பொடி டப்பாவைத் திறந்தார். பரம சாதுவாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "என்ன ஓய் பக்கிரி, பாய்தான் போறேங்கறாரே. காலியா அனுப்பிடலாமா?"

"காலியாவா? தசமி அன்னிக்கா? டாக்டரய்யா, வாயக் கழுவுங்க!"

பக்கிரிசாமி ரயிலைப் பார்த்தார். நீண்டு நின்ற வரிசையைப் பார்த்தார். சிட்டுவின் நெஞ்சைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, தான் விரட்டிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த கிழவியின் மூட்டையைப் பிடுங்கி ரகமத் பாயின் வண்டியில் வைத்தார்.

"ஏறுங்கம்மா. ராசியான குதிரை."

கிழவி விடுவாளா? "ஏன்யா, இப்பத்தான நெஞ்சுல சுழின்னு சொன்னே?"

"ஆமா, சுழின்னேன். கெட்ட சுழின்னு சொன்னேனா? அது ராஜசுழிம்மா! திருச்சியில வேற ஒரு குதிரைக்குக் கிடையாது. அதுக்குத் தனிக் கூலி கேப்பானேன்னுதான் உங்களுக்கு வேணாம்னேன். ரகமத்து, அம்மாகிட்ட சாதாக் கூலியே வாங்கிக்க, என்ன?"

பின்னால் இருந்த வண்டிக்காரர்கள் எல்லாரும், "ராஜசுழி, ராஜசுழி" என்று கோஷ்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கிழவிக்கு இன்னும் சந்தேகம். திருமண் இட்டிருந்த டாக்டரைப் பார்த்து, "சாமி, நெசந்தானுங்களா?" என்றாள்.

டாக்டர் பொய் சொல்ல மாட்டார். ஒரு சிட்டிகைப் பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "நம்பெருமாளே குதிரையில ஏறி ஸேவை ஸாதிக்கிற ஊர் அம்மா இது. அந்தத் தங்கக் குதிரைக்கு எந்த இடத்துல சுழின்னு யாரும் பார்த்ததில்லை. இங்கேதான்னு இவா சொன்னா, இல்லைன்னு நான் சொல்லப்போறதில்லை."

கிழவி மூட்டைகளையும் மருமகளையும் தாண்டி முன்னால் வந்தாள். சிட்டுவின் நெஞ்சில், அந்த இடத்தில், கையை வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மருமகள் தொட்டாள். பிறகு கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டார்கள். இரண்டு வருஷமாகத் தோல் போட்டு மூடிய இடத்தை ஊர் பேர் தெரியாத ஜனம் கும்பிட்டுவிட்டு ஏறுவதை ரகமத் பாய் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. "ஓட்டும் ஓய், பின்னாடி எல்லாரும் நிக்கறா" என்று டாக்டர் அதட்டினார். அதட்டிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

வண்டி காவிரிப் பாலத்தை நோக்கிப் போனது. அன்று அவர் எத்தனை நடை போய் வந்தார் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானத்துக்குள் ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்புகிறவர்களே "ராஜசுழி வண்டி எங்கே?" என்று கேட்டு நின்று ஏற ஆரம்பித்துவிட்டார்கள். ஏகாதசியிலிருந்து பத்து நாள் நடக்கும் இராப்பத்து முடிகிறவரை சிட்டுவுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி டாக்டர்தான் தினம் வந்து சண்டை போட வேண்டியிருந்தது. பக்கிரிசாமியே அடுத்த தடவை சமயபுரம் போனபோது அதே மாதிரிச் சுழி உள்ள குதிரையைத் தேடினார். வியாபாரிகள் அதற்குள் விலையை ஏற்றிவிட்டார்கள்.

பொங்கலுக்கு முன்பே தண்டல் பாக்கி முழுவதும் தீர்ந்தது. கடைசிப் பணத்தைக் கொடுக்கிற அன்று டாக்டரும் நானும் சிட்டுவைப் பார்க்கத் தென்னூர் போயிருந்தோம். முத்துசாமி பணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். போகவில்லை. சிட்டுவைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கதவுப் பக்கமாகப் பார்த்து, குழைந்த குரலில் கேட்டார்.

"தங்கச்சி, பாய்கிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லு. இந்தக் குதிரைக்கு என்ன வெலை கேட்டாலும் நான் தரேன்."

உள்ளே வளையல் சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்தது.

"வேணாம்ணே" என்றாள் பாத்திமா. "கெட்ட சுழி. பிள்ளைகுட்டிக்காரரு, உங்களுக்கு எதுக்கு?"

கதவுக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. முத்துசாமிக்கும் கேட்டிருக்கும்.